ஒரு ஆளுக்கு இடம்

எங்கள் தெருவில் யார் வீட்டுக் கார் கிளம்பினாலும் அந்தம்மாவுக்குத் தெரிந்துவிடும். கார்க் கதவு இரண்டு மூன்று தரம் திறந்து மூடுகிற சத்தம் கேட்டால் போதும், கடைசி வீட்டின் பச்சை கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வருவார். காலையில் போட்ட கோலத்தைப் பார்க்க வந்ததுபோல ஒரு நிமிஷம் நிற்பார். பிறகு நேராக வந்து ஜன்னலில் குனிவார்.

"இன்னா தம்பி, எந்தப் பக்கம்? ஒரு ஆளுக்கு இடம் இருக்குமா?"

எந்த ஊர், என்ன விசேஷம், எப்போது திரும்புவது என்பதையெல்லாம் ஏறி உட்கார்ந்த பிறகுதான் விசாரிப்பார். இடம் இல்லை என்று சொன்னால் முகம் வாடாது. "சரி, பத்திரமாப் போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்று கையாட்டுவார். அதற்குப் பயந்தே பலர் அவரை ஏற்றிக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

வேலூர் சத்துவாச்சாரியில் நாங்கள் வீடு கட்டிக் குடிவந்தபோது அவருக்கு அறுபது வயதை ஒட்டி இருக்கும். தெருவில் எல்லோருக்கும் அவர் 'கடைசி வீட்டம்மா'. பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கணவர் இறந்து போயிருந்தார். குழந்தைகள் இல்லை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், தோலுக்குப் பசை தடவி ஒட்டுகிற பிரிவில், வெகுகாலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விடியற்காலையில் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும், பொழுது சாயக் கொண்டுவந்து இறக்கிவிடும்.

"அதெல்லாம் ஒரு பிரயாணமா தம்பி? ஏறினதும் தூங்கிடுவேன். தினம் தாண்டிப் போற பள்ளிகொண்டா எப்படி இருக்கும்னே வேலைய விட்டு நின்னப்புறந்தான் பாத்தேன்" என்பார்.

நான் முதன்முதலில் கார் வாங்கியது இந்தத் தெருவுக்கு வந்த பிறகுதான். பழைய வண்டி. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, வாசலில் நிறுத்திவிட்டு நாங்கள் காப்பி குடிக்க உள்ளே போனோம். திரும்பி வந்து பார்த்தால் பின் சீட்டின் நடுவில் அவர் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் என் இரண்டு பிள்ளைகளும்.

"எங்க போறோம்?" என்று என்னைக் கேட்டார்.

"எங்கயும் போவலம்மா. இப்பத்தான் வாங்கிட்டு வர்றோம்."

"புது வண்டிய எடுத்துட்டு எங்கயும் போவலன்னா எப்படி? ரத்னகிரி வரைக்கும் போய்ட்டு வந்துடலாம், சாமி கும்புட்ட மாதிரியும் இருக்கும்."

போனோம். என் மனைவி வழியெல்லாம் என்னை முறைத்துக்கொண்டே வந்தாள்.

அவரிடம் சில பழக்கங்கள் உண்டு. பின் சீட்டில் நடுவில், கால் வைக்கும் இடத்தில் மேடாக இருக்குமே, அந்த இடத்தில்தான் உட்காருவார். ஜன்னலோரம் கொடுத்தாலும் வாங்கமாட்டார். "நடுவுல ஒக்காந்தாத்தான் முன்னாடி ரோடு தெரியும்" என்பார். ஏ.சி. போடச் சொல்லமாட்டார், அணைக்கவும் சொல்லமாட்டார். வண்டியை நிறுத்து என்று அவராக ஒரு தரம்கூடச் சொன்னதில்லை. கையில் ஒயர்கூடை ஒன்று எப்போதும் இருக்கும். அதற்குள் வேகவைத்த வேர்க்கடலை, ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு துண்டு, பிள்ளைகள் வாந்தி எடுத்தால் பிடிப்பதற்கு பிளாஸ்டிக் கவர்கள். போகிற வீட்டுக்கென்று ஒரு பிஸ்கட் பாக்கெட்டோ ஒரு சீப்பு வாழைப்பழமோ தனியாக இருக்கும். முன்பின் தெரியாதவர் வீடாக இருந்தாலும் வெறுங்கையோடு படியேறமாட்டார்.

தெருவில் அவரைக் கேலி செய்யாதவர்கள் கிடையாது. "வெளியூர் போறதுன்னா பக்கத்துத் தெருவுல வண்டிய நிறுத்திட்டு நடந்து போய் ஏறணும்" என்பார் எதிர்வீட்டுக்காரர். அவர் வண்டியிலேயே அந்தம்மா நாலு தரம் திருத்தணி போயிருக்கிறார்.

என் மனைவிக்குப் பெரியப்பா முறையில் ஒருவர் பேரணாம்பட்டில் இறந்துபோனார். தகவல் வந்ததும் அவசரமாகக் கிளம்பினோம். இவர் கேட்டைத் திறந்துகொண்டு வருவதைப் பார்த்து, "சாவுக்குப் போறோம்மா" என்று நான் முன்கூட்டியே சொன்னேன்.

"அப்ப பூமாலை நான் வாங்கறேன்" என்று ஏறிவிட்டார்.

பேரணாம்பட்டை நெருங்கும்போதே தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை அடித்தது. சின்னவன் மூக்கைப் பொத்திக்கொண்டான். "இது நம்ம ஊரு சென்டுடா. இத்தப் பூசிக்கினுதான் நாங்க எல்லாம் சாப்பிட்டோம்" என்று அவன் கையை எடுத்துவிட்டார்.

செத்தவருக்கு ஒரே மகள். அழாமல், யாரோடும் பேசாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உறவுக்காரப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து கட்டிப்பிடித்து அழுதுவிட்டு நகர்ந்தார்கள். அவள் கல்லாகவே இருந்தாள். இவர் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பாவுக்கு டீயா, காப்பியா?" என்று கேட்டார். அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். "டீ. சக்கரை ஜாஸ்தி போடணும். டாக்டர் வேணாம்னாரு, திருடிப் போட்டுப்பாரு" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் உடைந்து அழ ஆரம்பித்துவிட்டாள். எடுக்கும்வரை இவர் அவளை விட்டு நகரவில்லை. அந்த வீட்டில் எல்லோரும் இவரை எங்கள் பக்கத்துச் சொந்தம் என்றே நினைத்துக்கொண்டார்கள். அடுத்த வருஷம் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் வந்தபோது பத்திரிகை கடைசி வீட்டுக்கு நேரில் வந்தது. எங்களுக்குத் தபாலில் வந்தது.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. எங்கள் தெருவில் ஒரு குடும்பம் குடியாத்தத்துக்குப் பெண் பார்க்கப் போனது. லுங்கி நெய்கிற விசைத்தறிக்காரர் வீடு. முன்கூடத்தில் பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, கூடப் போயிருந்த இவர் பின்பக்கம் தண்ணீர் குடிக்கப் போனார். தறிச் சத்தத்துக்கு நடுவில் அந்தப் பெண்ணோடு என்ன பேசினாரோ தெரியாது. திரும்பும்போது காரில் மாப்பிள்ளையின் அம்மாவிடம், "பொண்ணு ஏதோ பரிட்சைக்குப் படிச்சினு இருக்குது. இப்ப கல்யாணம் வேணாம்னு நெனக்குது. கட்டாயப்படுத்தாதீங்க" என்று சொன்னார். அந்த அம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்கள யாரு கேட்டா? வண்டில ஏத்துனது தப்பாப் போச்சு" என்று நடுத்தெருவில் இறக்கும்போது எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார். அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. அதற்குப் பிறகு அந்த வீட்டு வண்டியில் இவருக்கு இடமே கிடைக்கவில்லை. ஆனால் அந்த வண்டி கிளம்பும்போதெல்லாம் இவர் கேட்டருகே நின்று, வழக்கம்போலக் கையாட்டி வழியனுப்புவார். எனக்குத்தான் பார்க்கச் சங்கடமாக இருக்கும்.

இனி என் தங்கை விஷயத்துக்கு வரவேண்டும்.

தங்கை தன் கூட வேலை பார்த்த பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். வேறு ஆட்கள். எங்களிடம் கேட்டாள், அம்மா முடியாது என்றாள், அவள் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போய்விட்டாள். "எனக்கு ஒரே புள்ள" என்று அம்மா அன்றைக்குச் சொன்னதுதான். அப்பாவும் இல்லாத வீட்டில் அதற்கு மேல் பேச ஆளில்லை. மாப்பிள்ளைக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஆலையில் வேலை கிடைத்து, சென்னைக்கு வெளியே மாங்காட்டில் வாடகைக்கு வீடு எடுத்துக்கொண்டு போனார்கள். நானும் மனைவியும் எப்போதாவது போய்ப் பார்த்து வருவோம். போகிறோம் என்று அம்மாவிடம் சொல்வோம். அம்மா காதில் விழாததுபோல அரிசி பொறுக்கிக்கொண்டிருப்பாள்.

தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. மாப்பிள்ளைக்கு அம்மா கிடையாது. ஆஸ்பத்திரியில் என் மனைவி நான்கைந்து நாள் கூட இருந்துவிட்டு வந்தாள். அதற்கு மேல் அவளுக்கு லீவு இல்லை. தங்கை கைக்குழந்தையோடு தனியாக இருந்தாள். போனில் பேசினால் குரல் கம்மியிருக்கும். "தூக்கமே இல்லண்ணா" என்பாள். அம்மாவிடம் சொன்னேன். அம்மா எழுந்து கொல்லைக் கதவைச் சாத்தப் போய்விட்டாள்.

ஒரு சனிக்கிழமை காலையில் மாங்காட்டுக்குக் கிளம்பினோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். பின் சீட்டில் ஒரு இடம் காலி. அம்மா வாசலில் நின்றிருந்தாள். கடைசி வீட்டு கேட் திறந்தது.

"எங்க தம்பி?"

"மாங்காடு. தங்கச்சி வீட்டுக்கு."

"குழந்த பொறந்திருக்குன்னு சொன்னியே!" என்று பரபரவென்று வந்தவர், வாசலில் அம்மாவைப் பார்த்ததும் நின்றார். "நீ வரலியாக்கா?"

"எனக்கு அங்க யாரு இருக்காங்க?" என்றாள் அம்மா.

இவர் ஒரு நொடி யோசித்தார். "சரி, அப்ப உன் சீட்டுல நான் போய்ட்டு வர்றேன்" என்று ஏறிக்கொண்டார். அம்மா வெடுக்கென்று உள்ளே போய்விட்டாள். நான் வண்டியை எடுத்தேன்.

வாலாஜா தாண்டிக் காவேரிப்பாக்கம் ஏரிக்கரை வரும்போது அவர் இரண்டு முன் சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டிப் பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரரு தோல் லோடு ஏத்தினு இந்த ரோட்டுலதான் ஹார்பருக்குப் போவாரு. வாரம் தவறாது. நானும் வர்றேன்னு எவ்ளோ தடவ கேட்டிருப்பேன். லாரில பொம்பளய ஏத்தினா மத்த டிரைவருங்க சிரிப்பாங்களாம். வந்து எல்லாம் சொல்லுவாரு. இந்த ஏரி கடலு மாதிரி இருக்கும்பாரு, கரையே தெரியாதும்பாரு."

மழைக்காலம் முடிந்து ஏரியில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. அவர் நன்றாகப் பார்த்தார்.

"கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் சொல்லியிருக்காரு மனுஷன்" என்று சிரித்தார். பிறகு ஓச்சேரி வரும்வரை ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மாங்காட்டில் தங்கை கதவைத் திறந்தாள். முடி வாராமல், கண்ணைச் சுற்றிக் கருப்பாக இருந்தது. எங்களை வா என்று சொல்வதற்கு முன்னால் அவள் பார்வை எங்களைத் தாண்டிக் காருக்குப் போனது. பின் கதவைத் திறந்து யாரோ ஒரு வயதான பெண் இறங்குவது தெரிந்ததும் அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். இறங்கியவர் நிமிர்ந்தார். தங்கையின் முகம் அப்படியே அணைந்துபோனது.

அவரும் அதைப் பார்த்துவிட்டார். மெல்லப் படியேறி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் உங்கம்மா இல்லம்மா. அவங்க சீட்டுல ஒக்காந்து வந்தேன், அவ்ளோதான்."

தங்கைக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அன்று முழுக்க அவர் அந்த வீட்டில் உட்காரவே இல்லை. துணி அலசிப் போட்டார், பூண்டு போட்டு ரசம் வைத்தார், குழந்தையை வாங்கிக்கொண்டு தங்கையைத் தூங்கச் சொன்னார். அவள் மதியம் படுத்தவள் சாயங்காலம்தான் எழுந்தாள்.

மறுநாள் ஊர் திரும்பினோம். அதற்கடுத்த நாள் சாயங்காலம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா கூடத்தில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் எதிரில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார். குழந்தைக்குத் தலைமுடி எப்படி, நிறம் எப்படி, வலது காது மடல் எப்படிக் கொஞ்சம் மடங்கியிருக்கிறது என்று. அம்மா நிமிரவில்லை. எழுந்தும் போகவில்லை. மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். சொன்னதையே வேறு மாதிரி சொன்னார். அம்மா நறுக்குவதற்கு எப்போதும் ஏதாவது ஒரு காய் வைத்திருந்தாள்.

ஒரு நாள் நான் கம்பெனியிலிருந்து சீக்கிரம் வந்திருந்தேன். அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாவம், உன் பொண்ணுக்குக் குழந்தையக் குளிப்பாட்டத் தெரியலக்கா. ஒரு பிளாஸ்டிக் டப்புல தண்ணி ஊத்தி வெச்சினு, போன்ல எவளோ ஒருத்தி செய்றதப் பாத்துப் பாத்து இதுவும் செய்யுது. கை நடுங்குது. தல ஆடுது கொழந்தைக்கு."

அம்மாவின் கத்தி நின்றது.

"டப்புலயா?"

"ஆமா."

"கழுத்தப் புடிக்கலியா அவ?"

"புடிக்கத் தெரிஞ்சாதான?"

"காலை நீட்டி ஒக்காந்து, முட்டிக்குக் கீழ குப்புறப் போட்டுக்கினு ஊத்தணும். இடது கை தாடைக்கு அடியில இருக்கணும். அடுத்த தடவ போனா நீ சொல்லிக் குடு."

"எனக்கு எங்கக்கா தெரியும்? நான் பெத்தனா, வளத்தனா? தப்பா சொல்லிக் குடுத்துட்டா பேஜாராப் போய்டும். நீயே வந்து சொல்லு."

அம்மா காயை அள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அன்றைக்கு அவரைக்காய்க் கூட்டில் உப்பு போட மறந்துவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் சனிக்கிழமை கிளம்பினோம். பிள்ளைகள் ஏறிவிட்டார்கள். கடைசி வீட்டம்மா கூடையோடு வந்து, பின் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்துவிட்டார். அப்போது எங்கள் வீட்டுக் கதவு திறந்தது. அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு, கையில் ஒரு துணிப்பையோடு படியிறங்கி வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. காருக்குப் பக்கத்தில் வந்து, இவர் பின் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் நின்றாள்.

இருந்தது ஒரே இடம். என் மனைவி சின்னவனை மடியில் வைத்துக்கொள்ளலாமா என்று திரும்பினாள். அதற்குள் இவர் காலை வெளியே எடுத்துவிட்டார்.

"ஐயோ, பாத்தியா! இன்னிக்கு கேஸ்காரன் வர்றேன்னு சொன்னான். மறந்தே போய்ட்டேன். நீ ஏறுக்கா."

எந்த வண்டியிலும் இடம் இருந்து அவர் வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அம்மா ஏறி உட்கார்ந்தாள். இவர் தன் கூடையை அம்மாவின் மடியில் வைத்தார். "வழில புள்ளைங்களுக்கு வேணும்" என்றார். அம்மா அவர் கையைக் கூடையோடு சேர்த்துப் பிடித்தாள். பிடித்தது கொஞ்ச நேரம்தான். பிறகு என்னிடம், "எடுடா வண்டிய" என்று அதட்டினாள்.

ராஜகுளத்துக்குப் பக்கத்தில் சின்னவன் வாந்தி எடுத்தான். அம்மா கூடைக்குள் கைவிட்டு, சரியாக ஒரு கவரை எடுத்துப் பிடித்தாள். செம்பரம்பாக்கம் வந்ததும் ஜன்னலைத் திறந்துவிடச் சொன்னாள். முகத்தை முந்தானையால் இரண்டு மூன்று தரம் துடைத்துக்கொண்டாள்.

மாங்காட்டில் மாப்பிள்ளைதான் கதவைத் திறந்தார். அம்மாவைப் பார்த்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் கதவை இன்னும் அகலமாகத் திறந்துவைத்தார். உள்ளே குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அம்மா நேராக அந்தச் சத்தத்தை நோக்கிப் போனாள். குளியலறை வாசலில் தங்கை டப்புக்கு முன்னால் குந்தியிருந்தாள். குழந்தை அவள் கையில் வழுக்கிக்கொண்டிருந்தது.

"கழுத்தப் புடிடி!"

மூன்று வருஷத்துக்குப் பிறகு அம்மா அவளிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான். தங்கை தலையைத் தூக்கினாள். வாய் திறந்தபடியே இருந்தது. அம்மா புடவையை முழங்கால்வரை வழித்துச் செருகிக்கொண்டு, மணையை இழுத்துப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"குடு இப்படி. வெந்நி போதாது, இன்னொரு சொம்பு கொண்டா. அந்தப் பையில வசம்பு இருக்குது, உங்கப்பா வேட்டியக் கிழிச்சு எடுத்தாந்திருக்கேன், அதையும் எடு. நின்னு அழுதுனு இருக்காத."

தங்கை அழுதுகொண்டேதான் எடுத்துவந்தாள். அம்மாவின் காலில் குப்புறக் கிடந்த குழந்தை முதுகில் வெந்நீர் விழுந்ததும் அழுகையை நிறுத்திவிட்டது. அம்மா அதன் வலது காது மடலைத் தொட்டுப் பார்த்தாள். "ஆமா, மடிஞ்சிதான் இருக்குது" என்றாள்.

நாங்கள் ஞாயிற்றுக்கிழமை திரும்பினோம். அம்மா ஒரு மாதம் அங்கேயே தங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு எங்கள் வண்டி மாங்காட்டுக்கு அடிக்கடி போனது. அந்த இடம் அம்மாவின் இடமாகிவிட்டது. கடைசி வீட்டம்மா அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. சனிக்கிழமைகளில் நாங்கள் கிளம்பும்போது வந்து நிற்பார், பிள்ளைகளிடம் கடலை கொடுப்பார், குழந்தைக்கு என்று ஏதாவது கொடுத்தனுப்புவார். மற்றவர் வண்டிகளில் போய்க்கொண்டுதான் இருந்தார். ஒரு தரம் திருவண்ணாமலை, ஒரு தரம் யார் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கோ ஆற்காடு. வந்து அம்மாவிடம் கதை சொல்வார்.

அடுத்து வந்த மழைக்காலத்தில் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். அணைக்கட்டு என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அவருடைய தம்பி இருந்தார். வந்து கூட்டிப்போனார். பச்சை கேட்டில் பூட்டுத் தொங்கியது. தெருவில் எல்லோரும் "ஒரு நாள் போய்ப் பாக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். சொல்லிச் சொல்லியே மூன்று மாதம் ஓடியிருக்கும்.

அதற்கடுத்த வருஷம் அவர் இறந்துபோனார். அந்தச் சாவுக்கு எங்கள் தெருவிலிருந்து ஏழெட்டு வண்டிகள் போயின, பேரணாம்பட்டிலிருந்து ஒரு வண்டி வந்தது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது நாங்கள் அணைக்கட்டுக்குப் போன சனிக்கிழமைதான்.

தங்கை குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். குழந்தை பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்திருந்தது. காலையில் அம்மா பொடி இட்லி கட்டி வைத்துக்கொண்டு, "இன்னிக்கு அவளப் பாத்துட்டு வந்துடலாம். எல்லாரும் ஏறுங்க" என்றாள். நெருக்கியடித்துக்கொண்டு ஏறினோம்.

நிலக்கடலைக் காட்டை ஒட்டிச் சின்னத் தளம் போட்ட வீடு. வெளியே வேப்பமரத்தடியில் கட்டில் போட்டு அவர் படுத்திருந்தார். பக்கத்தில் நான்கு கால் ஊன்றுகோல். இளைத்துப் போயிருந்தார். கார் வந்து நின்றதும் தலையைத் தூக்கிப் பார்த்தார். எங்களைத் தெரிந்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"தம்பி! இன்னா இந்தப் பக்கம்? யார் வீட்டுக்குப் போறீங்க?"

"யார் வீட்டுக்கும் போவலம்மா" என்றேன்.

"மலைக்கோயிலுக்கா? மேல ரோடு நல்லா இல்லையாமே."

அம்மா இறங்கி வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "உன்னைப் பாக்கத்தான் வந்தோம்."

"அது சரி. பாத்துட்டு எங்க போறீங்க?"

"பாத்துட்டு வீட்டுக்குப் போவோம்."

அவர் அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். தங்கை குழந்தையைக் கொண்டுவந்து கட்டிலைப் பிடித்து நிற்கவைத்தாள். அவர் குழந்தையைத் தொடவில்லை. கை இரண்டும் புடவைத் தலைப்பைப் பிசைந்துகொண்டிருந்தன.

"என்னைப் பாக்கறதுக்குன்னேவா?"

"எத்தினி தடவடி சொல்றது?" என்றாள் அம்மா.

சட்டென்று வீட்டுப் பக்கம் திரும்பி, எனக்கு ஞாபகம் இருக்கிறவரை அவர் அவ்வளவு பெரிதாகக் கத்தியதே இல்லை, அப்படிக் கத்தித் தம்பி மனைவியைக் கூப்பிட்டார்.

"ஏம்மா! என் பொட்டில மாம்பழக் கலர் புடவை இருக்குது, எடுத்தா. சீப்பு எடுத்தா. கடைக்கு ஆளனுப்பிக் கலர் சோடா வாங்கியாரச் சொல்லு. எனக்கு ஆளுங்க வந்திருக்காங்க!"

ஆண்பிள்ளைகளை அந்தப் பக்கம் போகச் சொன்னார்கள். திரும்பி வந்தபோது தலை வாரி, மஞ்சள் புடவை கட்டி, கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். குழந்தை அவர் மடியில் இருந்தது. எத்தனையோ பேர் வீட்டில் போன நிமிஷமே அடுப்படிக்குப் போய்க் காரியம் பார்த்தவருக்கு, இங்கே எங்களை எங்கே உட்காரவைப்பது, எதை முதலில் கொடுப்பது என்று தெரியவில்லை. கலரைக் குடிக்கச் சொல்வார், குடிப்பதற்குள் கடலை தின்னச் சொல்வார். வேலிக்கு அந்தப் பக்கம் களையெடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து, "யாருக்கா வந்திருக்கிறது?" என்று கேட்டாள்.

"எங்க வீட்டு ஆளுங்க. வேலூர்லருந்து. என்னைப் பாக்கறதுக்குன்னே காரெடுத்துனு வந்திருக்காங்க" என்றார். அந்தப் பெண் தலையாட்டிவிட்டுக் குனிந்தாள். இவருக்கு அது போதவில்லை போலிருக்கிறது. "குழந்தையக்கூடத் தூக்கினு வந்திருக்காங்க" என்று இன்னொரு முறை சொன்னார்.

சாயங்காலம் நாங்கள் எழுந்தோம். அவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். வழக்கமாக விருந்தாளிகளிடம் எல்லோரும் சொல்வதுதான், ஆனால் அவருக்குச் சொல்லிப் பழக்கமில்லாததால் தயங்கித் தயங்கி வந்தது.

"இருந்துட்டுக் காலைல போலாமே அக்கா?"

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு காலில் மாட்டியிருந்த செருப்பைக் கழற்றி மரத்தடியில் விட்டாள்.

"நீங்க கிளம்புங்கடா. நான் நாளைக்கு பஸ் புடிச்சு வந்துக்கறேன்."

நான் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தபோது அவர் குரல் கேட்டது. தம்பி மனைவியிடம் கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அக்காவுக்கு ஃபேனுக்கு நேரா பாய் போடு. ராத்திரிக்கு ரசம் வை, மிளகா கம்மியாப் போடு. நம்ம வீட்டுக்கு வந்தவங்க, ஒரு கொறையும் இருக்கக் கூடாது."